என் அறிவுக்கு எட்டிய வரையில்

போன மாதம் ஒரு கடிதம் எடுப்பதற்காக எங்கள் ஊர்க் கிராம உத்தியோகத்தரிடம் போயிருந்தேன். நானும் முப்பது வருடத்துக்கு மேல் அதே உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவள்தான். சனங்கள் எங்களை ஜீஎஸ் என்பார்கள். பெண் என்றால் ஜீஎஸ் மிஸ். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தே பழகிப்போனதால், இந்தப் பக்கத்து வாங்கில் இருந்து என் முறை வரும்வரை காத்திருப்பது எனக்கு இன்னும் சரிவரவில்லை.

வெளிநாட்டுத் தூதரகம் ஒன்றுக்குக் கொடுக்க ஓர் ஆங்கிலக் கடிதம் வேண்டியிருந்தது. இன்ன இடத்தில் வசிக்கிறேன், ஓய்வூதியம் பெறுகிறேன் என்று நாலு வரி. உத்தியோகத்தர் தம்பி கணினியில் தட்டி, அச்செடுத்து, கையெழுத்தும் வைத்து நீட்டினார். வாசித்தேன். 'டு த பெஸ்ட் ஒஃப் மை நொலேஜ்' என்று தொடங்கி, திருமதி இராசேஸ்வரி உயிருடன் இருக்கிறார் என்று போட்டிருந்தது. அதாவது, அவருடைய அறிவுக்கு எட்டிய வரையில் நான் உயிருடன் இருக்கிறேனாம். அவருடைய மின்விசிறிக் காற்றைத்தான் அந்த நேரம் நானும் வாங்கிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, நான் உயிரோட இரிக்கிறதில உங்களுக்கு ஏதும் சந்தேகமா?"

அவர் பதறிப்போனார். "ஐயோ, இல்ல மிஸ். வருசா வருசம் பென்சன்காரருக்குக் குடுக்கிற ஆயுள் சான்றிதழப் பார்த்து அடிச்சன். அந்த வரியப் போட்டா நமக்குப் பாதுகாப்பு எண்டு எல்லாரும் போடுற."

"எல்லாத்துக்கும் போடுறதா?"

"அப்ப எங்க போடுற மிஸ்?"

வாங்கில் இருந்தபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. நான் அதைக் கற்றுக்கொள்வதற்காக ஒரு தாயும் பிள்ளையும் ஒன்றரை வருடம் வீணாகக் காத்துக் கிடந்தார்கள். அதனால் வீட்டுக்கு வந்து எழுதுகிறேன்.

நான் உத்தியோகத்துக்கு வந்தபோது எனக்கு வயது இருபத்து நாலு. பயிற்சியில் சொல்லித்தந்த சட்டங்களும் சுற்றறிக்கைகளும் இன்னும் கொப்பியில் இருக்கின்றன; தலையில் இல்லை. முதல் நியமனம் வாவிக்கு அப்பால், படுவான்கரையில் ஒரு கிராமம். செட்டிபாளையத்தில் பஸ் ஏறி, துறையில் இறங்கி, பாதையில் அக்கரைக்குப் போகவேண்டும். ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவையைத்தான் நாங்கள் பாதை என்கிறோம். அதன்பிறகு மூன்று மைல் சைக்கிள். மாரி வந்தால் சைக்கிளும் இல்லை, தோணிதான்.

உண்மையில் என்னைப் பயிற்றியவர் ஹனிபா சேர். காத்தான்குடிக்காரர். பிரதேச செயலகத்தில் எங்களையெல்லாம் மேற்பார்வை செய்யும் நிருவாக உத்தியோகத்தர். சத்தம் போட்டு ஒருநாளும் கதைத்ததில்லை. வெள்ளை நீளக்கைச் சேட்டு, காதில் ஒரு பென்சில், சட்டைப்பையில் இன்னொரு பென்சில். சிவப்பு மை அவருடைய மேசையில் இருந்ததே இல்லை. ஏன் சேர் என்று ஒருமுறை கேட்டதற்கு, "பென்சிலால வெட்டினா, நான் வெட்டினது பிழையெண்டா நாளைக்கு அழிச்சிரலாம் புள்ள" என்றார்.

நாங்கள் எழுதிக் கொண்டுபோகும் கடிதங்களைக் கடைசி வசனத்தில் இருந்து மேலே வாசித்துக்கொண்டு போவார். ஒவ்வொரு வசனத்திலும் பென்சில் நுனியை வைத்து ஒரே கேள்வி: "இது எப்பிடித் தெரியும்?" அதனால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'எப்பிடித்தெரியும் சேர்.' மழை பெய்யுது சேர் என்று சொன்னாலும் அவர் அதைத்தான் கேட்பார் என்று கன்ரீனில் இருந்து சிரிப்போம். அது அவருக்கும் தெரியும் என்று நினைக்கிறேன்.

எங்களுக்கு அவர் பழக்கிய முறை ஒன்று உண்டு. தினக்குறிப்புப் புத்தகத்தில் எதை எழுதினாலும் ஓரத்தில் ஓர் எழுத்துப் போடவேண்டும். கண்ணால் கண்டது என்றால் 'க'. ஆட்கள் சொல்லக் கேட்டது என்றால் 'கே'. பத்திரத்தில் பார்த்தது என்றால் 'ப'. பிறகு யாருக்காவது அத்தாட்சிக் கடிதம் எழுதும்போது அந்த எழுத்தைப் பார்த்துத்தான் எழுதவேண்டும். வேறு பிரதேச செயலகங்களில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் ஆட்கள் சிலரும் மாதக் கடைசியில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் மொத்தமாய் 'க' போட்டு வைத்ததும் நடந்ததுதான்.

அந்த ஆங்கில வரியை முதலில் எனக்குக் காட்டியவரும் அவர்தான். எழுபது வயது தாண்டிய மீனவர் ஒருவர், கனடாவில் இருக்கும் மகனிடம் போவதற்குக் கடிதம் கேட்டு வந்தார். எனக்கு ஆங்கிலம் வரும் என்று ஒரு பெருமை அந்தக் காலத்தில் நிறைய இருந்தது. இவர் பிறந்த காலம் தொட்டு இந்தக் கிராமத்தில் வசித்து வருகிறார் என்று நல்ல கம்பீரமாக எழுதிக்கொண்டு போனேன். ஹனிபா சேர் பென்சிலை அந்த வசனத்தில் வைத்தார்.

"இவர் பிறக்கக்குள்ள நீ எங்க இருந்த புள்ள?"

அந்த மனிதர் பிறந்தபோது என் அப்பாகூடப் பிறந்திருக்கமாட்டார்.

"நாலு வயசாளிகளக் கேளு. பழைய வாக்காளர் இடாப்பப் பாரு. கோயில் வரிக் கொப்பியப் பாரு. எல்லாம் பார்த்துப்போட்டு வா. மறுகா எழுதுவம்."

இரண்டு நாள் அலைந்தேன். வயதான நாலு பேரிடம் கேட்டு, இடாப்பும் கொப்பியும் பார்த்துக்கொண்டு வந்து நின்றேன். அப்போதுதான் அந்த வசனத்துக்கு முன்னால் தன் கையால் எழுதினார்: டு த பெஸ்ட் ஒஃப் மை நொலேஜ். "பெஸ்ட் எண்டு கிடக்கே, அது இந்த ரெண்டு நாள் நடைக்குத்தான். நடக்காதவன் அத எழுதப்படா" என்றார். பிறகு, எனக்கு அப்போது அவ்வளவு முக்கியமாகப் படாத ஒன்றையும் சொன்னார். "கண்ணால கண்டத எழுதக்குள்ள இத முன்னுக்குப் போடவும் படா. போட்டா, கண்டவள் காணாதவள் மாதிரி ஆகிருவாள்."

ஓம் சேர் என்று தலையாட்டினேன். இளம் வயதில் ஆட்டுகிற தலையாட்டலுக்குக் கணக்கே இல்லை.

இரண்டு வருடம் கழித்து ஒரு மார்கழியில் பெருவெள்ளம் வந்தது. வயல் வட்டையெல்லாம் வெள்ளக்காடு. வயல் எது, வாவி எது என்று தெரியாமல் இரண்டும் ஒன்றாய்க் கிடந்தன. கிராமத்துச் சனம் முழுவதும் பாடசாலையில் ஏறியிருந்தது. நிவாரணம் பங்கிடப் போன நானும் வெளியே வரமுடியாமல் மூன்று நாள் அங்கேயே தங்கினேன்.

அங்கேதான் பூமணிக்கு நோ கண்டது. இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. அவள் மாசமாய் இருக்கும்போதே புருசன் சிவராசா வெளிநாடு போய்விட்டான். அரசாங்கக் குடும்பநல மாதுவை ஏற்றிவரப் போன தோணி நீரோட்டத்தில் பிந்திவிட்டது. ஊரில் பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவிச்சி ஒருத்தி இருந்தாள். இரண்டு மேசையை ஒட்டிப்போட்டு, சேலைகளால் மறைப்புக் கட்டினோம். பார்த்தால் சரியாக மேசைக்கு மேலே கூரை ஒழுகுகிறது. மேசையை நகர்த்தவும் இடமில்லை.

"மிஸ், உங்கட குடைய எடுங்க" என்றாள் மருத்துவிச்சி.

நான் குடை பிடித்தேன். பள்ளிக்கூட அறைக்குள், பகல் பதினொரு மணியில் இருந்து ஒன்றரை மணிவரை, ஒரு கையால் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மற்றக் கையைப் பூமணி பிடித்திருந்தாள். நான் அப்போது கலியாணம் கட்டாதவள். பிள்ளை பிறந்ததும் மருத்துவிச்சி துணி கேட்டாள். அங்கே இருந்த துணியெல்லாம் ஈரம். வாவி கடக்கிறவர்கள் எப்போதும் பையில் ஒரு மாற்றுச் சேலை வைத்திருப்போம். அதில்தான் அந்தப் பெண்பிள்ளையைச் சுற்றிக் கொடுத்தோம். பின்னேரம் தினக்குறிப்பில் எழுதினேன்: 'பாடசாலையில் பூமணிக்குப் பெண் பிள்ளை.' ஓரத்தில் 'க'. அந்த எழுத்தை அவ்வளவு சந்தோசத்தோடு நான் வேறு எதற்கும் போட்டதில்லை.

பிள்ளையைக் கெதியாய்ப் பதியச் சொன்னேன். பூமணி பதியவில்லை. பிள்ளைக்குத் தகப்பன் ஒரு பெயர் வைத்து எழுதி அனுப்பட்டும் என்று காத்திருந்தாள். தகப்பனோ அங்கே ஒவ்வோர் இடமாய் மாறிக்கொண்டிருந்தான். கடிதம் வர மாதங்கள் ஆயின, வந்த கடிதத்தில் பெயர் இல்லை, அடுத்த கடிதத்தில் இரண்டு பெயர். இப்படியே இழுபட்டுத் தர்சினி என்ற பெயரோடு பதிவு நடக்கும்போது பிள்ளைக்கு நாலு வயது. அதற்கிடையில் மருத்துவிச்சியும் காலமாகிவிட்டாள்.

பிள்ளைக்கு ஐந்து வயதாகும்போது சிவராசாவுக்கு அங்கே நிரந்தர வதிவிட உரிமை கிடைத்து, மனைவியையும் மகளையும் கூப்பிட்டான். தூதரகம் சந்தேகப்பட்டது. தகப்பன் போனபிறகு பிறந்த பிள்ளை, நாலு வருடம் பிந்திய பதிவு, ஆஸ்பத்திரிப் பதிவே இல்லை. உறவுக்காரரின் பிள்ளையைத் தங்கள் பிள்ளை என்று கொண்டுவருகிறார்களோ என்று பார்க்கக் கிராம உத்தியோகத்தரிடம் இருந்து ஒரு கடிதம் கேட்டது. அந்தக் கிராமத்தின் கிராம உத்தியோகத்தர் நான்.

இதைவிட இலகுவான கடிதம் எந்த ஜீஎஸ்ஸுக்கும் வாய்த்திருக்காது. நான் அதைக் கெடுத்தேன்.

அந்த வருடம் எங்களுக்குள் பெரிய பயம் ஒன்று புகுந்திருந்தது. வேறு இடத்தில் ஒரு கிராம உத்தியோகத்தரைப் பிழையான அத்தாட்சி கொடுத்தார் என்று இடைநிறுத்தியிருந்தார்கள். மாதக் கூட்டத்துக்குப் போனால் அதே கதை. எதற்கும் அந்த ஆங்கில வரியை முன்னுக்குப் போட்டுவிடுங்கள், பிறகு ஒருவரும் நம்மைப் பிடிக்க ஏலாது என்று ஆளுக்காள் சொல்லிக்கொண்டார்கள். காய்ச்சல் காலத்தில் எல்லாரும் கையில் நூல் கட்டிக்கொள்வதுபோல எல்லாரும் போட்டோம். நானும் ஒரு கடிதத்தைத் தட்டச்சுக் கடையில் மாதிரிக்கு அடித்து வைத்திருந்தேன். பெயரை மாற்றினால் போதும். எனக்குப் பதவி உயர்வு வரவேண்டிய நேரம் அது. ஹனிபா சேர் அப்போது ஹஜ்ஜுக்குப் போயிருந்தார். அவருடைய இடத்தில் இருந்தவர் வாசிக்காமலே மேலொப்பம் வைத்தார்.

ஐந்து வசனக் கடிதம். ஐந்துக்கும் முன்னால் அந்த வரி. டு த பெஸ்ட் ஒஃப் மை நொலேஜ், இந்தப் பிள்ளை பூமணியின் பிள்ளை.

எட்டு மாதம் கழித்து, மாதக் கூட்டத்துக்கு நான் போயிருந்த ஒருநாள், பூமணி பிரதேச செயலகத்துக்கே வந்தாள். கையில் பொலித்தீன் பையில் சுற்றிய கடிதம். பக்கத்தில் தர்சினி, பள்ளிக்கூடச் சீருடையோடு.

"மிஸ், விசா இல்லையாம். உங்கட கடிதத்தாலதானாம்."

"என்ன பூமணி சொல்றீங்க?"

"எனக்கு இங்கிலிஸ் தெரியா. பள்ளிக்கூடத்து வாத்தியார்தான் வாசிச்சுச் சொன்னவர். பிள்ளை என்ட பிள்ளைதான் எண்டு ஜீஎஸ்ஸுக்கே நிச்சயமாத் தெரியாதாம் எண்டு கிடக்காம்." அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் உண்மையாகவே விளங்காமல் கேட்டாள். "மிஸ், நீங்கதானே குடை பிடிச்ச? உங்களுக்குத் தெரியாதா?"

நான் அந்தக் கடிதத்தை வாங்கிப் படித்தேன். மரியாதையான ஆங்கிலம். உள்ளூர் அதிகாரியே உறுதியாகக் கூறாத நிலையில் தாய் பிள்ளை உறவை ஏற்க முடியவில்லை என்று இருந்தது. அவர்கள் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நான் எழுதியதை எழுதியபடியே வாசித்திருந்தார்கள். வெட்கத்தில் எனக்கு அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஹனிபா சேருக்கு முன்னால் இரண்டு கடிதத்தையும் வைத்தேன். வழக்கம்போல என் கடிதத்தைக் கீழே இருந்து மேலே வாசித்தார். பிறகு, "பழைய தினக்குறிப்பக் கொண்டா" என்றார். அந்த வருடப் புத்தகத்தைத் தூசு தட்டிக் கொண்டுவந்து கொடுத்தேன். மார்கழிப் பக்கத்தை விரித்து, ஓரத்தில் பென்சில் நுனியை வைத்தார்.

"இது என்ன எழுத்து?"

"க சேர்."

"கண்டயா?"

"கண்டன் சேர்."

"பின்ன, கண்ட புள்ளைக்கு ஏன் இந்த வேலி?"

பதில் எனக்குத் தெரியும். பயம். என் கதிரையைக் காப்பாற்ற அந்தப் பிள்ளைக்கும் தாய்க்கும் நடுவில் வேலி போட்டிருந்தேன். "பயந்துபோனன் சேர்" என்றேன். அவர் ஏசவில்லை. தேத்தண்ணி ஆறிக்கிடந்தது, அதை அப்படியே குடித்தார்.

புதுக் கடிதம் எழுதுவதிலும் சிக்கல் இருந்தது. முதலில் நிச்சயமில்லை என்றவள் இப்போது நிச்சயம் என்றால், யாரிடமோ எதையோ வாங்கிவிட்டாள் என்றுதான் நினைப்பார்கள். முதல் கடிதத்தில் நான் செய்த பிழையை நானே எழுதி ஒப்புக்கொள்ளாமல் வழியில்லை. அப்படி எழுதினால் பிரதி என் தனிப்பட்ட கோவைக்குப் போகும். பதவி உயர்வு நிற்கும். இடைநிறுத்தத்துக்கும் இடமுண்டு. சேர் இதையெல்லாம் ஒளிக்காமல் சொல்லிவிட்டு, "எழுதுறதும் விடுறதும் உன்ட விருப்பம் புள்ள" என்றார்.

ஒருநாள் யோசித்தேன். யோசிக்காமல் உடனே எழுதினேன் என்று சொன்னால் அழகாக இருக்கும். ஆனால் அது 'க' இல்லை. வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. கண்ணை மூடினால் பூமணி என் கையைப் பிடித்த பிடிதான் வந்தது. அடுத்தநாள் காலை எழுதினேன்.

அந்தப் பிள்ளை பிறக்கும்போது நான் அந்த அறையில் இருந்தேன். கூரை ஒழுகியதால் தாய்க்கு மேலே குடை பிடித்துக்கொண்டிருந்தேன். பிள்ளையை என் சேலையில் சுற்றித் தாயிடம் கொடுத்தோம். அன்று முதல் இன்றுவரை அந்தப் பிள்ளை அந்தத் தாயிடம் வளர்வதைக் கண்டுவருகிறேன். என் முந்திய கடிதத்தில் இருந்த தயக்கமான சொற்கள் பழக்கத்தினாலும் பயத்தினாலும் வந்தவை, பிழை என்னுடையது. இவ்வளவுதான். ஒரு வசனத்துக்கு முன்னாலும் அந்த வரி இல்லை.

சேர் தினக்குறிப்புப் பக்கத்தின் பிரதியை இணைத்தார். அடியில் மேலொப்பம் வைக்குமுன் தன் கையால் ஆங்கிலத்தில் ஒரு வசனம் எழுதினார். தினக்குறிப்பை நான் பார்வையிட்டேன் என்று தொடங்கி, பிறகு இப்படி: டு த பெஸ்ட் ஒஃப் மை நொலேஜ், இந்த உத்தியோகத்தர் தான் காணாததைக் கண்டதாக எழுதுகிறவர் அல்லர்.

அதை வாசித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னோடு எட்டு வருடம் வேலை செய்த மனிதர், என் மனத்துக்குள் புகுந்து பார்க்க முடியாத இடத்தில் மட்டும் அந்த வரியைப் போட்டிருந்தார். அது இருக்கவேண்டிய இடத்தில் இருப்பதை அன்றுதான் நான் பார்த்தேன்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பதவி உயர்வு இரண்டு வருடம் பிந்தியது. அதில் எனக்கு இன்றும் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். தூதரகம் பதில் போட மேலும் பத்து மாதம் எடுத்தது. விசா கிடைத்துத் தாயும் பிள்ளையும் போகிற அன்று, துறையில் பாதையில் ஏறுமுன் பூமணி அந்தப் பழைய சேலையைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து நீட்டினாள். "நீங்களே வெச்சிரிங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஹனிபா சேர் மௌத்தாகிப் பல வருடமாகிவிட்டது. தர்சினிக்கு வரும் ஆவணியில் கலியாணம். விமானச் சீட்டும் போட்டு என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். அதற்குத்தான் தம்பியிடம் கடிதம் எடுக்கப் போனேன். நான் உயிரோடு இருப்பதை அவர் இரண்டாம் தரம் தயக்கமில்லாமல் எழுதித் தந்தார். தர்சினி அங்கிருந்து அனுப்பிய அழைப்புக் கடிதத்தையும் அதோடு சேர்த்துத் தூதரகத்துக்குக் கொடுக்கவேண்டும்.

அதை நேற்றுத்தான் ஆறுதலாக வாசித்தேன். பழக்கம் போகுமா, கடைசி வசனத்தில் இருந்து மேலே, கையில் பென்சிலோடு. அழைக்கப்படுகிறவருக்கும் உங்களுக்கும் என்ன தொடர்பு என்ற கேள்விக்கு அவள் ஒரு வசனம் எழுதியிருந்தாள். நான் பிறக்கும்போது எனக்கு மழை படாமல் குடை பிடித்தவர் இவர்.

பென்சில் நுனி தானாக அங்கே போய் நின்றது. இது எப்பிடித் தெரியும் பிள்ளை? நீ பிறக்கக்குள்ள குடையையா பார்த்துக்கொண்டிருந்த? தாய் சொல்லக் கேட்டது. சந்தேகமில்லாமல் 'கே'. அந்த வரி இதற்கு முன்னால் வந்தே ஆகவேண்டும். சேர் இருந்தால் விட்டிருக்கமாட்டார்.

நான் விட்டுவிட்டேன். கடிதத்தை மடித்து உறையில் போட்டு ஒட்டினேன்.